வரவேற்பறைக் கணினியும் விளையாட்டுக் கன்சோலும்: ஸ்டீம் மெஷின் முயற்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தனிநபர்க் கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அதனை விளையாட்டுக் கன்சோலுக்கு மாற்றாக நிறுத்தும் முயற்சிகளுள் பெரியது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013இல் அறிவித்த ஸ்டீம் மெஷின் திட்டமாகும். அது சந்தையில் நிலைபெறாமைக்கான காரணங்களையும், 2018க்குப் பின் அக்காரணங்களுள் எவை நீங்கின, எவை நீங்கவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கணினியின் திறந்த தன்மைக்கும் கன்சோலின் குறைந்த விலைக்கும் இடையிலான முரண் இங்கு மையப் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, கன்சோல், ஸ்டீம் மெஷின், லினக்ஸ், புரோட்டான், மானிய விலை, திறந்த தளம்.

முன்னுரை

கன்சோலுக்கும் கணினிக்கும் இடையே வன்பொருள் அளவில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. 2013இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் மேசைக் கணினிகளில் உள்ள அதே எக்ஸ்86 வகைச் செயலிகளைக் கொண்டிருந்தன. இரண்டிற்கும் சில்லுகளை வடிவமைத்தது ஏ.எம்.டி. நிறுவனமே. அவ்வாறாயின், ஒரு கணினியைச் சிறு பெட்டிக்குள் அடக்கித் தொலைக்காட்சியின் கீழ் வைத்துவிட்டால் அது கன்சோலாகிவிடாதா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. ஆகவில்லை என்பதே 2015ஆம் ஆண்டு தந்த விடை. அந்த விடைக்கான காரணத்தைச் செயலியின் வேகத்தில் தேடுவோர் ஏமாறுவர். அது விற்பனை முறையிலும் மென்பொருளிலும் அமைந்துள்ளது.

கன்சோலின் பொருளியல்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஃபேமிலி கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க நிகழ்பட விளையாட்டுச் சந்தை சரிந்தது. அடாரி கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு எழுதி விற்கலாம் என்றிருந்த நிலையில், தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்தமை அச்சரிவின் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. 1985இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது நிண்டெண்டோ தன் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. உரிமம் பெற்ற பேழைகளில் மட்டுமே அதற்கிணையான திறவுச் சில்லு இருந்தது. இதனால் ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையிலும் கன்சோல் நிறுவனத்திற்கு ஒரு பங்கு உறுதியாயிற்று.

இந்தப் பங்குதான் கன்சோலின் விலையைத் தீர்மானிக்கிறது. பின்னர் விளையாட்டுகளிலிருந்து வருவாய் வரும் என்பதால் கருவியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்க முடிகிறது. 2006இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3ஐ 499, 599 டாலர் விலைகளில் வெளியிட்டது. வாங்குவோருக்கு மிகையாகத் தோன்றிய அவ்விலையிலும் ஒவ்வொரு கருவியும் நிறுவனத்திற்கு இழப்பையே தந்தது. ஒரே வடிவத்தைப் பல ஆண்டுகள் மாற்றாமல் தயாரிப்பதால் உற்பத்திச் செலவு படிப்படியாகக் குறைகிறது, விலையும் குறைகிறது. 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. கணினி விற்பனையாளருக்கு இவ்வழி இல்லை. அவர் பெட்டியை விற்ற கணத்தோடு அவருடைய வருவாய் முடிந்துவிடுகிறது.

இந்த உண்மையை ஒருமுறை விலை கொடுத்தே இத்துறை கற்றிருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த டிரிப் ஹாக்கின்ஸ் பின்னர் 3டிஓ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அது கருவியைத் தானே தயாரிக்காமல் வடிவமைப்பை மட்டும் பானாசோனிக் முதலிய நிறுவனங்களுக்கு உரிமமாக அளித்தது. விளையாட்டு வட்டு ஒன்றுக்கு மூன்று டாலர் 3டிஓவுக்குச் சென்றது. கருவி தயாரிப்பவருக்கோ கருவியின் விலையைத் தவிர வேறு வருவாய் இல்லை. எனவே 1993இல் அக்கருவி ஏறத்தாழ 700 டாலருக்கு வந்தது. ஈராண்டுகளுக்குப் பின் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் அதை எளிதில் வென்றது. ஸ்டீம் மெஷினின் வரலாற்றைப் படிப்போர்க்கு 3டிஓவின் கதை ஒரு முன்னோட்டம்போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஸ்டீம் மெஷின்: 2012 – 2018

வால்வ் நிறுவனம் 1996இல் மைக்ரோசாப்டின் முன்னாள் ஊழியர்களான கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகியோரால் தொடங்கப்பட்டது. 2003இல் அது தொடங்கிய ஸ்டீம் என்னும் இணைய அங்காடி, கணினி விளையாட்டு விற்பனையின் முதன்மைத் தளமாக வளர்ந்தது. ஆனால் அந்த அங்காடி பெரும்பாலும் மைக்ரோசாப்டின் விண்டோஸ் இயங்குதளத்தின் மேல் நின்றது. 2012இல் வந்த விண்டோஸ் 8, தனக்கெனச் சொந்த அங்காடி ஒன்றைக் கொண்டுவந்தது. நிலத்தின் உரிமையாளரே எதிரில் கடை திறந்தால் குடியிருக்கும் வணிகருக்கு என்ன அச்சம் தோன்றுமோ, அதுவே நியூவெல்லுக்கும் தோன்றியது. விண்டோஸ் 8 கணினித் துறை அனைத்திற்கும் பெருங்கேடு என்று அவர் அவ்வாண்டே வெளிப்படையாகக் கூறினார்.

ஸ்டீம் மெஷின் திட்டத்தை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். வரவேற்பறையைக் கைப்பற்றுவது அதன் வெளிநோக்கம். விண்டோஸைச் சாராதிருப்பது உள்நோக்கம். இரண்டாவது நோக்கமே முதலாவதைக் கெடுத்தது எனலாம். 2012 டிசம்பரில் தொலைக்காட்சித் திரைக்கேற்ற பெரிய எழுத்துகளுடன் கூடிய 'பிக் பிக்சர்' இடைமுகம் வந்தது. 2013 செப்டம்பரில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் இயங்குதளம், பல நிறுவனங்கள் தயாரிக்கவிருந்த ஸ்டீம் மெஷின்கள், புதுவகைக் கன்ட்ரோலர் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் 300 மாதிரிக் கருவிகள் பயனர்களுக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன.

2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மாதிரிகள் காட்சிக்கு வந்தன. அவற்றுள் குறைந்த விலை 499 டாலர். மிகையானதோ 6,000 டாலர். கன்சோல் வாங்கக் கடைக்குச் செல்பவர் எதை வாங்குவது என்று ஆராய வேண்டியதில்லை என்பதே கன்சோலின் முதற்பயன். இங்கோ வாங்குபவர் செயலி, வரைகலை அட்டை, நினைவகம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்த பின்னரே தேர்வு செய்ய வேண்டியிருந்தது. கணினிச் சந்தையின் குழப்பம் அப்படியே வரவேற்பறைக்கு இடம்பெயர்ந்தது.

கன்ட்ரோலரின் வடிவம் பலமுறை திருத்தப்பட்டதால் வெளியீடு 2015க்குத் தள்ளிப்போயிற்று. சுட்டியைக் கொண்டு ஆடும் ஆட்டங்களைச் சாய்விருக்கையில் அமர்ந்தே ஆட உதவும் வகையில், வழக்கமான வலப்புறக் குச்சிக்கு மாற்றாகத் தொடுதகடு ஒன்றை அது கொண்டிருந்தது. சிந்தனை நல்லது, கற்றுக்கொள்ளும் காலம் நீண்டது. இதற்கிடையில் காத்திருக்க விரும்பாத ஏலியன்வேர், தன் பெட்டியை 2014 நவம்பரிலேயே விண்டோஸுடனும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருடனும் விற்கத் தொடங்கிவிட்டது.

2015 நவம்பர் 10 அன்று ஸ்டீம் மெஷின்கள் முறையாக விற்பனைக்கு வந்தன. ஏலியன்வேரின் குறைந்த விலைப் பெட்டி 449 டாலர். அதற்கு முந்தைய மாதம் பிளேஸ்டேஷன் 4இன் விலை அமெரிக்காவில் 349 டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. அதே நவம்பர் 10 அன்று, அவ்வாண்டில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஆட்டங்களுள் ஒன்றான ஃபால்அவுட் 4 வெளிவந்தது. விண்டோஸ், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் அது இயங்கியது, ஸ்டீம்ஓஎஸில் இயங்கவில்லை. ஸ்டீம் அங்காடியில் விற்கப்பட்ட ஓர் ஆட்டம் ஸ்டீம் மெஷினில் ஓடவில்லை என்பதை வாங்குபவருக்கு எவ்வாறு விளக்குவது? லினக்ஸுக்கு மாற்றப்பட்டிருந்த ஆட்டங்கள் பலவும் அதே வன்பொருளில் விண்டோஸில் ஓடியதைவிட மெதுவாக ஓடியமை அப்போதைய சோதனைகளில் வெளிப்பட்டது.

வால்வ் தானே தன் திட்டத்திற்கு எதிராகச் செய்த செயல் ஒன்றும் உண்டு. அதே நாளில் ஸ்டீம் லிங்க் என்னும் 50 டாலர் பெட்டியை அது வெளியிட்டது. மற்றோர் அறையில் உள்ள கணினியில் ஓடும் ஆட்டத்தை வீட்டு வலையமைப்பின் வழியே தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவது அதன் பணி. ஏற்கெனவே நல்ல கணினி வைத்திருப்பவருக்கு இந்தச் சிறு பெட்டியே போதுமானதாயிற்று. கணினி இல்லாதவர் கன்சோலை வாங்கினார். இவ்விருவருக்கும் இடையில் ஸ்டீம் மெஷினை வாங்கவேண்டியவர் யார் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

2018 ஏப்ரலில் ஸ்டீம் அங்காடியின் முகப்புப் பட்டியலிலிருந்து ஸ்டீம் மெஷின்களுக்கான இணைப்பு நீக்கப்பட்டது. விற்பனை சிறக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட வால்வ், லினக்ஸ் பணி மட்டும் தொடரும் என்றது. அது வெறும் ஆறுதல் மொழியாகவே பலருக்கும் பட்டது.

மொழிபெயர்ப்பு அடுக்கு

நான்கே மாதங்களில், 2018 ஆகஸ்டில், புரோட்டான் வெளிவந்தது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் கட்டற்ற மென்பொருளே அதன் அடித்தளம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல் ஒரு கோப்பைத் திறக்கவோ ஒலியை எழுப்பவோ இயங்குதளத்தை நோக்கி விடுக்கும் அழைப்புகளை, லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக வைன் மாற்றித் தருகிறது. செயலி இரண்டிற்கும் ஒன்றே என்பதால் கட்டளைகளைப் போலச்செய்ய வேண்டியதில்லை. ஆதலால் வேக இழப்பு சிறிது. வரைகலைக்குரிய டைரக்ட்3டி அழைப்புகளை வல்கன் என்னும் திறந்த இடைமுகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே போன்ற பகுதிகளும் இதில் இணைந்தன. வல்கன் 2016இல்தான் வெளிவந்தது என்பதை நோக்க, 2015இல் இத்தகைய தீர்வு இயலாததாகவே இருந்திருக்கும்.

இதனால் நிகழ்ந்த மாற்றம் முறைசார்ந்தது. முன்பு ஒவ்வோர் ஆட்டத்தையும் லினக்ஸுக்கு மாற்றித் தருமாறு ஒவ்வொரு நிறுவனத்தையும் வால்வ் வேண்ட நேர்ந்தது. புரோட்டான் வந்தபின் யாரையும் வேண்டாமலே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஓடின. 2022 பிப்ரவரியில் 399 டாலர் தொடக்க விலையில் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இதன் பயனை முழுமையாகப் பெற்றது. அக்கருவியைப் பல நிறுவனங்களிடம் ஒப்படைக்காமல், ஒரே வடிவில் வால்வ் தானே விற்றது.

ஒரே வடிவம் என்பதன் பயன் விலையோடு நிற்பதில்லை. திரையில் ஒளி, நிழல், பரப்பு ஆகியவற்றைத் தீட்டும் ஷேடர் என்னும் சிறு நிரல்கள், ஒவ்வொரு வரைகலைச் செயலிக்கும் ஏற்பத் தொகுக்கப்பட வேண்டும். கன்சோலில் செயலி ஒன்றே என்பதால் அவை முன்னரே தொகுக்கப்பட்டு ஆட்டத்துடன் வந்துவிடுகின்றன. கணினியில் அப்பணி ஆட்டத்தின் நடுவிலும் நிகழ்வதுண்டு. அப்போது காட்சி ஒரு கணம் திக்கி நிற்கும். ஸ்டீம் டெக்கிற்கோ, தொகுத்த ஷேடர்களை வால்வ் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. கன்சோல் தரும் தடையற்ற அனுபவத்தின் ஒரு கூறு இவ்வாறு கணினிக்கும் வாய்த்தது.

மானியமும் திறந்த தன்மையும்

ஸ்டீம் அங்காடியில் விற்பனையாகும் ஆட்டங்களிலிருந்து வால்வுக்கு வழக்கமாக 30 விழுக்காடு கிடைக்கிறது. அவ்வாறெனில் சோனியைப்போல அதுவும் கருவியை இழப்பில் விற்கலாமே என்று வினவக்கூடும். இதற்குரிய தடையைப் பிளேஸ்டேஷன் 3இன் வரலாறே காட்டுகிறது. அக்கருவியில் லினக்ஸை நிறுவிக்கொள்ளச் சோனி முதலில் இடமளித்தது. அமெரிக்க வான்படையின் ஆய்வகம் 1,760 பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்து 2010இல் ஒரு மீகணினியை உருவாக்கியது. மானிய விலையில் வாங்கப்பட்ட அக்கருவிகளில் ஓர் ஆட்டமும் ஓடப்போவதில்லை. சோனிக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. 2010 ஏப்ரலில் சோனி, பாதுகாப்புக் காரணம் கூறி, மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றின்மூலம் அந்த வசதியையே நீக்கிவிட்டது. வசதி இருக்கிறதென்று நம்பிப் பணம் செலுத்தியவர்கள் வழக்குத் தொடுத்தனர்.

எதையும் நிறுவிக்கொள்ளலாம் என்னும் உரிமையோடு கணினியை மானிய விலையில் விற்றால், அது அலுவலகங்களுக்கும் சென்று சேரும். அவ்வுரிமையைப் பறித்தால் அது கணினியாக இராது. இணையவழிக் கூட்டாட்டத்திற்குக் கன்சோல்களைப்போல மாதக்கட்டணம் கேட்காமை, பிற அங்காடிகளில் வாங்கியவற்றையும் ஓட்ட இயலுதல், இருபதாண்டுப் பழைய ஆட்டங்களும் புதுக்கருவியில் தொடர்தல் ஆகியவை கணினி வாங்குபவருக்குக் கிடைக்கும் ஈடு. ஆனால் இவற்றின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்லவே தெரியவரும். கடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது விலைச்சீட்டு மட்டுமே.

தீராத தடைகள்

புரோட்டானால் கடக்க இயலாத சுவர் ஒன்று உண்டு. போட்டி ஆட்டங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள்கள் சில, விண்டோஸின் கருவகத்திற்குள் புகுந்து இயங்குகின்றன. பயனரே கருவகத்தை மாற்றியமைக்கத்தக்க லினக்ஸில் அத்தகைய காவலுக்குப் பொருளில்லை. ஃபோர்ட்நைட், வேலரண்ட் ஆகியவை ஸ்டீம்ஓஎஸில் ஓடாமைக்கு இதுவே காரணம். முன்பு ஓடிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்கூட 2024 இறுதியில் லினக்ஸுக்குத் தன் கதவை அடைத்தது. வரவேற்பறையில் நண்பர்களோடு ஆடப்படுபவை பெரும்பாலும் இத்தகைய ஆட்டங்களே என்பதால் இது சிறு குறையன்று.

மற்றொன்று ஒரு கம்பியைப் பற்றியது. தொலைக்காட்சிகளில் பொதுவாக எச்டிஎம்ஐ இணைப்பே உள்ளது. 4கே காட்சியை வண்ணத் தரம் குன்றாமல் நொடிக்கு 120 சட்டகங்களாக அனுப்ப அதன் 2.1 பதிப்பு வேண்டும். அதற்கான இயக்கியைத் திறந்த மூலமாக வெளியிட ஏ.எம்.டி. முன்மொழிந்ததை, அத்தரத்தை ஆளும் எச்டிஎம்ஐ மன்றம் மறுத்துவிட்டதாக 2024இல் தெரியவந்தது. திறந்த மூல இயக்கியை நம்பும் லினக்ஸ் பெட்டி இதனால் பழைய பதிப்போடு நிற்க நேர்கிறது.

மறுபுறம், கன்சோல்களின் விலைச் சாதகம் தேய்ந்துவருகிறது. 2020இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்தாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் 549 டாலராயிற்று. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499இலிருந்து 649 டாலருக்கு ஏறியது. பிளேஸ்டேஷன் 2 காலத்து விலைக்குறைப்பு மரபு இங்குத் தலைகீழாயிற்று.

இச்சூழலிலேயே 2025 நவம்பரில் வால்வ் இரண்டாம் முறையாக ஸ்டீம் மெஷினை அறிவித்தது. இம்முறை வடிவம் ஒன்றே; தயாரிப்பதும் வால்வே. ஏறத்தாழ ஆறு அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் ஏ.எம்.டி. செயலி, 16 ஜிபி நினைவகம், வரைகலைக்கெனத் தனியே 8 ஜிபி நினைவகம் ஆகியவை அமைந்துள்ளன. எச்டிஎம்ஐ இணைப்பின் பதிப்பு 2.0 என்றே குறிக்கப்பட்டுள்ளது. அறிவிப்பில் விலை இடம்பெறவில்லை. ஆயினும் கருவி இழப்பில் விற்கப்படாது என்றும், அதே திறனுள்ள கணினியைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கி அமைக்க ஆகும் செலவையொட்டியே விலை அமையும் என்றும் நிறுவனத்தார் தெளிவுபடுத்தினர். அதே மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்தது.