“அங்க யாரும் எனக்கு அட்வைஸ் பண்ணலை தம்பி!” - குடிநோயாளிகளைக் குடிநோயாளிகளே மீட்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணி. சென்னைப் புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறை. இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். மூலையில் டீ ஃபிளாஸ்க், பேப்பர் கப், ஒரு டப்பா நிறைய கடலை மிட்டாய். குடிக்க வேண்டும்போல் இருக்கும்போது வாயில் இனிப்பு எதையாவது போட்டுக்கொண்டால் அந்த நேரம் கடந்துவிடும் என்பது இங்கிருப்பவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம்.

எந்த ஊர் என்று எழுதக் கூடாது, போட்டோ கூடாது, யார் பெயரும் வரக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ‘ஏ.ஏ’ அமைப்பின் வாராந்தரக் கூட்டம் இது. அன்றைக்கு வெளியாட்களும் உட்காரலாம் என்கிற ‘ஓப்பன் மீட்டிங்’ என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

முதலில் எழுந்தவர் ஓர் எலெக்ட்ரீஷியன். வயது ஐம்பதை நெருங்கும். தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார். சுற்றியிருந்த எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். கடைசியாகக் குடித்து 11 வருடங்கள் ஆகிவிட்டனவாம். பிறகு எதற்கு இன்னும் ‘குடிநோயாளி’ என்று சொல்லிக்கொள்கிறார்? கூட்டம் முடிந்ததும் கேட்டேன்.

“சுகர் வந்தவங்க மாத்திரை போட்டு கன்ட்ரோல்ல வெச்சிருப்பாங்க. அதுக்காக சுகரே இல்லைன்னு சொல்லிட முடியுமா? எனக்கும் அப்படித்தான். இன்னிக்குக் குடிக்கலை. அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்.”

நண்பனின் கல்யாணத்தில், 19 வயதில் முதல் பீர். முப்பதைத் தாண்டியபோது காலையில் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. “எலெக்ட்ரீஷியனுக்குக் கை நடுங்கினா என்ன ஆகும் சொல்லுங்க? டெஸ்டரைப் பிடிச்சா ஸ்க்ரூ ஒரு பக்கம், டெஸ்டர் ஒரு பக்கம் போகும். ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் கை நிக்கும். வேலைக்குப் போறதுக்காகக் குடிச்சேன், குடிச்சதால வேலைக்குக் கூப்பிட மாட்டேன்னுட்டாங்க.”

நிறுத்துவதற்கு அவர் செய்யாதது இல்லை. மகள் தலையில் கை வைத்துச் சத்தியம். அம்மன் கோயிலில் கயிறு. ஐந்து வருடம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை. “மாலை போட்ட நாள் முழுக்க ஒரு சொட்டு தொட மாட்டேன். ‘பாரு, எம் புருஷனால முடியுது’ன்னு வீட்டுல சந்தோஷப்படும். மலையில இருந்து இறங்கி, மாலையைக் கழட்டின அன்னிக்கே கடை வாசல்ல நிப்பேன். ஒரு மண்டலத்துக்கும் சேர்த்து வெச்சுக் குடிப்பேன்.”

இதைக் கேட்டுத் தலையாட்டாத ஆணை நம் ஊரில் பார்ப்பது கஷ்டம். எங்கள் தெருவிலேயே மூன்று பேரைத் தெரியும்.

ரசத்தில் கலந்த பவுடர்

அவர் மனைவியிடமும் பேசினேன். கணவரைவிட வேகமாகப் பேசுகிற அக்கா. “கரன்ட் கம்பத்துல ஒட்டியிருப்பாங்களே, ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்’னு. அந்த நம்பருக்குப் போன் பண்ணி ஒரு பவுடர் வாங்கினேன். நகையை அடகு வெச்ச காசு. ரசத்துல கலந்து கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரி இவரு குடிச்சுட்டு வந்து, மூஞ்சியெல்லாம் செவந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி... ஆஸ்பத்திரியில டாக்டர் என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. நானே கொன்னிருப்பேன் தம்பி.”

அந்தப் பவுடரில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால், குடியை வெறுக்கவைக்க மருத்துவர்கள் தரும் ‘டைசல்ஃபிராம்’ என்ற மாத்திரை உண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், படபடப்பு கூடும், ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே அதைத் தருவார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பது விபரீதம். இதை வாசிக்கும் அம்மாக்களும் அக்காக்களும் தயவுசெய்து அந்தக் கம்பத்து நம்பர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பல வருடங்கள் தினமும் குடித்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவதும் ஆபத்தில் முடியலாம். கை நடுக்கம், வியர்வையில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள்களில் இல்லாத உருவங்கள் தெரிவது, குழப்பம், வலிப்பு என்று போகும். ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். போக வேண்டிய இடம் மருத்துவமனை. ஏ.ஏ-வில் இருப்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். முதலில் டாக்டர், பிறகு எங்களிடம் வாருங்கள் என்று.

டாக்டருக்கும் கை நடுங்கியது

எலெக்ட்ரீஷியன் அண்ணனின் கை நடுக்கத்துக்கும் இந்த அமைப்பு பிறந்த கதைக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. 1935, மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏக்ரான் நகரம். நியூயார்க்கிலிருந்து பிசினஸ் விஷயமாக வந்த பில் வில்சனுக்கு வந்த வேலை கைகூடவில்லை. மொடாக்குடியராக இருந்து, குடியை விட்டு ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. தங்கியிருந்த மேஃப்ளவர் ஹோட்டலின் வரவேற்பறையில் ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். தேவாலயங்களின் நம்பர்களைத் தேடிப்பிடித்து, ‘நான் பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிகாரர் வேண்டும்’ என்று கேட்டார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தத் தேடலில் கிடைத்தவர்தான் அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித். மே 12, அன்னையர் தினத்தன்று சந்தித்தார்கள். ‘15 நிமிடம்தான்’ என்ற கண்டிஷனோடு வந்த டாக்டர், இரவு வரை எழுந்திருக்கவில்லை. குடியின் தீமைகள் டாக்டருக்குத் தெரியாததா? வில்சன் உபதேசம் செய்யவில்லை. தான் எப்படியெல்லாம் குடித்தேன், என்னென்ன பொய் சொன்னேன் என்று தன் கதையைச் சொன்னார். தன் மொழியில் பேசுகிற ஒருவரை டாக்டர் பாப் அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்தார்.

உடனே திருந்தினாரா என்றால், இல்லை. சில வாரங்களில் மருத்துவ மாநாடு ஒன்றுக்குப் போனவர், நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். திரும்பியதும் ஓர் அறுவை சிகிச்சை காத்திருந்தது. கை நடுக்கத்தை நிறுத்துவதற்காக அன்று காலை அவருக்கு ஒரு பீர் கொடுத்ததே வில்சன்தான் என்று அமைப்பின் வரலாற்றில் சொல்கிறார்கள். அதுதான் டாக்டரின் கடைசி மது. 1935, ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ-வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அன்று போன் செய்த வில்சன், டாக்டரைக் காப்பாற்றுவதற்காகப் போன் செய்யவில்லை. தான் பார் பக்கம் போய்விடாமல் இருப்பதற்காகச் செய்தார்.

திருப்பித் தரப்பட்ட 100 ரூபாய்

கூட்டத்தின் நடுவே ஒரு துணிப்பை சுற்றி வந்தது. அறை வாடகைக்கும் டீக்கும் அவரவரால் முடிந்ததைப் போடுகிறார்கள். நானும் 100 ரூபாய் போட்டேன். பையைப் பிடித்திருந்த பெரியவர் அதை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியாட்களிடமும் அரசிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்குவதில்லை என்பது இவர்களின் மரபு. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். சாதி, கட்சி எதுவும் கூட்டத்துக்குள் வரக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்த பிறகு, ‘நீ இப்படிச் செய்திருக்கலாமே’ என்று யாரும் சொல்வதுமில்லை. நம் வீட்டு விசேஷங்களில் கூடுகிற சொந்தக்காரர்களை நினைத்துப் பாருங்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இவர்களின் 12 படிகளில் கடவுள் வருகிறார். ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்ற அடைமொழியோடுதான் வருகிறார் என்றாலும், சாமி இல்லை என்பவர்களுக்கு இது உறுத்தாதா? அன்று கூட்டத்தில் கறுப்புச் சட்டையில் ஒருவர் இருந்தார். கேட்டதற்குச் சிரித்தார். “என்னைவிடப் பெரிய சக்தி ஒண்ணு வேணும்னாங்க. இந்த இருபது நாற்காலி என்னைவிடப் பெருசுதானே?”

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. இரண்டு கூட்டம் வந்துவிட்டு அப்புறம் வராமல் போனவர்களைப் பற்றி அவர்களே பேசுகிறார்கள். ஆனால், இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு உதவுவதில், ஏ.ஏ-வும் அதோடு இணைக்கும் சிகிச்சைகளும் வழக்கமான மனநல சிகிச்சை முறைகளுக்கு ஈடாகவோ, அவற்றைவிட மேலாகவோ இருப்பதாக அது சொன்னது.

இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி பேர் என்கிறது 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இன்று டி.டி.கே மருத்துவமனையை நடத்துகிறது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்களில், ஊர்க்காரர்களே பக்கபலமாக நின்று குடிநோயாளிகளை மீட்டிருக்கிறார்கள். இதுவும் கூடி மீள்வதுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கென்றே ‘அல்-அனான்’ என்று தனிக் கூட்டம் இருக்கிறது. வில்சனின் மனைவி லோயிஸும் தோழி ஒருவரும் 1951-ல் தொடங்கியது. நம் அக்கா அங்கே போகிறார். “இவரு வேலைக்குப் போகாத அன்னிக்கெல்லாம் நான்தான் மேஸ்திரிக்குப் போன் பண்ணி ‘காய்ச்சல்’னு பொய் சொல்வேன். பாட்டிலைத் தேடித் தேடி ஊத்துவேன். ‘இந்த நோயை நீ வரவைக்கலை, உன்னால குணப்படுத்தவும் முடியாது’ன்னு அங்க சொன்னாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரித் தூங்கினேன். அதுக்கப்புறம் அவருக்காகப் பொய் சொல்றதை நிறுத்திட்டேன். இவரு முதல் மீட்டிங்குக்குப் போனது அதுக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான்.”

அண்ணனின் பயணமும் நேர்க்கோடாக இல்லை. முதல் இரண்டு வருடங்கள் குடிக்காமல் இருந்தவர், அம்மாவின் கருமாதி அன்று குடித்திருக்கிறார். அவமானத்தில் நான்கு மாதம் கூட்டத்துக்குப் போகவில்லை. “ஒருநாள் மீட்டிங்ல இருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ‘ஏன்டா குடிச்சே’ன்னு கேட்பார்னு நினைச்சேன். ‘எங்க வீட்டுல ஃபேன் ஓடலை, வந்து பார்க்கிறியா?’ன்னார். போனேன். கை நடுங்குது. அவரு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். அங்க யாரும் எனக்கு அட்வைஸ் பண்ணலை தம்பி. அந்த ஞாயித்துக்கிழமை மறுபடி முதல் நாள்ல இருந்து எண்ண ஆரம்பிச்சேன்.” அந்த எண்ணிக்கைதான் இப்போது 11 வருடங்கள்.

அன்றைய கூட்டத்துக்குப் புதிதாக ஓர் இளைஞர் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரின் அம்மா கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே ஒரு ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்த அந்தத் தம்பி கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். “காலம் பூரா குடிக்காம இருக்க என்னால முடியாதுண்ணா.”

“என்னாலயும் முடியாது. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் முடியுமா?” என்று கேட்டபடியே, ஒரு ஹார்டுவேர் கடை பில்லின் பின்பக்கம் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார் அண்ணன். “பசியோட இருக்காதே. தனியா இருக்காதே. கோவம் வந்தா போன் பண்ணு. ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பேன். எனக்கும் தூக்கம் வராது.”

(போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446. மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416.)

மூன்று வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்தக் கட்டுரைக்காகச் சில விவரங்களைச் சரிபார்க்க அண்ணனுக்குப் போன் செய்தேன். பேசி முடித்துவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன். “அந்தத் தம்பி மறுபடி வந்தாராண்ணா?”

“அதைச் சொல்லக் கூடாது தம்பி” என்றவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே பக்கத்தில் யாரிடமோ சொன்னார். “டேய், டீயில சக்கரை பத்தலை பாரு. இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு.”