கண்டது கரை சேர வேண்டும்

சித்திரை, வைகாசித் திங்களின் பின்னிரவில் தேவனூர் நாட்டு வானத்தை அண்ணாந்து நோக்குவோர் பேறு பெற்றோர். நகரத்து விளக்குகள் விழுங்கிவிட்ட பால்வெளி மண்டலம், கொல்லிமலைச் சிற்றூர்களின் கூரைகளுக்கு மேல் வெண்புகை போல் எழுந்து நிற்பதைக் காணலாம். இத்துணை அழகிய வானம் தலைக்கு மேல் இருக்க, கீழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் கணினியில் வேறொரு விண்வெளியைத் தேடுகின்றானே என்று பெற்றோர் மனம் நோவது இயல்பே. எனினும், அவ்விளையாட்டு எத்தகையது, அதில் பிள்ளைகள் தேடுவது யாது என்பதை அறிந்த பின்னர்த் தீர்ப்பிடுவதே முறையாகும்.

இவ்வகை விளையாட்டுகளுள் பெயர் பெற்றது ‘எலைட் டேஞ்சரஸ்’ என்பதாகும். 1984-ஆம் ஆண்டு டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் ‘எலைட்’ என்ற விளையாட்டை ஆக்கினர். அதன் வழிவந்த இது, பிராபெனின் நிறுவனத்தால் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் வெளியிடப்பெற்றது. நம் பால்வெளி மண்டலம் முழுவதும், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்களுடன், இயற்கையின் அளவிலேயே இதில் அமைக்கப்பட்டுள்ளது. அறிவியலார் அறிந்த விண்மீன்கள் பல தத்தம் இடங்களிலேயே உள்ளன. அறியாதவற்றைக் கணித விதிகளைக் கொண்டு கணினி படைத்துக் காட்டுகிறது. கண்களை மறைக்கும் மெய்நிகர்க் கருவியை அணிந்தவன், விண்கலத்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே தான் அமர்ந்திருப்பதாக உணர்கிறான்.

இக்கருவி சிலருக்குக் குமட்டலைத் தருவதுண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தில் நமக்குத் தலை சுற்றுவதேன்? உடல் அசைகிறது; பேருந்தினுள் பதிந்த கண்ணோ அசைவைக் காண்பதில்லை. இங்கு அதற்கு நேர்மாறாகக் கண் பறக்கிறது. உடல் நாற்காலியில் கிடக்கிறது. கண்ணும், காதினுள் அமைந்த சமநிலை உறுப்பும் முரண்படுவதால் வரும் துன்பம் இது. ஆகவே இடையிடையே கருவியைக் கழற்றி ஓய்வு கொள்ளுதல் இன்றியமையாதது.

போரும் வாணிகமும் இவ்விளையாட்டில் உண்டு. அவற்றை விடுத்து, தொலைதூரப் பயணத்தையே விரும்பி மேற்கொள்வோரும் உளர். மண்டலத்தின் மறுகோடியில் ‘பீகிள் முனை’ என்று அவர்கள் பெயரிட்ட விண்மீன், கதிரவனிலிருந்து ஏறத்தாழ 65,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 கலம், இன்றளவும் ஓர் ஒளியாண்டின் நூற்றில் ஒரு பங்கைக்கூடக் கடக்கவில்லை! விளையாட்டிலோ கலம் விண்மீன் விட்டு விண்மீன் தாவுகிறது. தாவலுக்கு 50 ஒளியாண்டு எனக் கொண்டாலும் 1,300 தாவல்கள் வேண்டும். வழியில் பெரும்பாலும் பேச்சுத் துணையும் இல்லை.

எரிபொருளையும் போகும் வழியிலேயே தேட வேண்டும். விண்மீனை நெருங்கி ஹைட்ரஜன் வாயுவை அள்ளிக்கொள்ளலாம். ஆயின் எல்லா விண்மீன்களும் தருவதில்லை. நம் கதிரவன் போன்றவை தரும். பழுப்புக் குறுமீன்களும் வெண்குறுமீன்களும் தாரா. இதனை எண்ணாது தாவியவன் நடுவெளியில் நின்றுவிடுவான். அத்தகையோரை மீட்பதற்கென்றே விளையாடுவோர் சிலர் 2015-இல் ‘எரிபொருள் எலிகள்’ என்னும் பெயரில் அணி திரண்டனர். முன்பின் அறியாத ஒருவருக்காக நெடுந்தொலைவு பறந்து, கூலி பெறாது எரிபொருள் வழங்குவதே அவர்தம் பணி. 2019-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் தொடங்கிய ஒரு பெரும் பயணத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். மண்டலத்தின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையின் அருகே, கனிமங்களைத் திரட்டிக் கொடுத்து, பின்வருவோர்க்கென ஒரு விண்துறைமுகம் எழச் செய்துவிட்டே அவர்கள் பீகிள் முனை நோக்கிச் சென்றனர்.

யாவற்றினும் மேலாக நம் கருத்தைக் கவர்வது இவ்விளையாட்டின் ஒரு விதியாகும். புதிய விண்மீனைக் கண்டவன் தன் குறிப்புகளைத் துறைமுகம் ஒன்றில் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்தால் முதலில் கண்டவன் என்று அவன் பெயர் அதில் பொறிக்கப்படும். அதற்கு முன் கலம் அழிந்துபோனால், பல திங்கள் உழைத்துக் கண்டவை அனைத்தும் அவனுக்கு இல்லாமற் போகும்.

இது வெறும் கற்பனை விதியன்று. நமக்கு வடக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தில் 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஆர். இராஜமோகன் என்னும் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டார். கண்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. செய்தி அறிவிக்கப்பட்டு, அதன் பாதையும் கணித்து உறுதி செய்யப்பட்ட பின்னரே 4130 என்ற எண்ணும், கணித மேதை இராமானுஜனின் பெயரும் அதற்குக் கிடைத்தன. கண்டதை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் இருந்தாலன்றிக் கண்டுபிடிப்பு நிறைவு பெறுவதில்லை.

பெற்றோரே, இங்கேதான் உங்கள் கடமை தொடங்குகிறது. உறக்கத்தையும் படிப்பையும் விளையாட்டு விழுங்குமாயின் கண்டித்துத் திருத்துங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் கண்டிப்பது மட்டுமே பேச்சாகிவிட்டால், மகன் கண்டதையெல்லாம் தன்னுள்ளேயே புதைத்துக்கொள்வான். இன்று விண்மீனைப் பற்றிச் சொல்லாதவன், நாளை கல்லூரியில் பட்ட அவமானத்தையும், வேலைக்குச் சென்ற ஊரில் உற்ற துயரத்தையும் சொல்ல மாட்டான். மலையிறங்கிச் சென்ற நம் பிள்ளைகள் எத்தனையோ புதியவற்றைக் காண்கின்றனர். அவற்றை இறக்கிவைக்கும் துறைமுகம் நம் வீடன்றி வேறெது?

இன்றிரவு அவனை முற்றத்திற்கு அழைத்து, “நீ போன அந்த நடுவிடம் எந்தத் திசையப்பா?” என்று கேளுங்கள். தனுசு இராசியின் பக்கம் அவன் கை நீட்டக்கூடும். அங்கே, ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், அக்கருந்துளை உண்மையாகவே இருக்கிறது. அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேளுங்கள்.