எறும்புக்கு வழிவிட்ட கால்

மார்கழி விடியலில் ஏற்காட்டின் வெள்ளக்கடைப் பக்கம் நடந்தால் காபிச் செடிகளின் மேல் பனி படிந்திருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காபிப் பழம் சிவந்திருக்கும். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு மலை இறங்கிவிடுகிறார்கள். உயிர் என்றால் என்ன என்று யோசிக்க விரும்புகிறவருக்கு இங்குள்ள ஒற்றையடிப் பாதையே போதும். கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

பாதையோரம் ஒரு தொட்டாற்சுருங்கி. விரல் பட்டதும் சிற்றிலைகள் இரண்டிரண்டாக மூடிக்கொள்கின்றன. பிறகு காம்பே தொங்கிவிடுகிறது. காம்பின் அடியில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறது. தொடுகை எழுப்பிய மின்துடிப்பு அங்கே போய்ச் சேர்ந்ததும், அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, விறைப்பாக இருந்த செல்கள் தளர்கின்றன; இலை சாய்கிறது. நரம்பும் இல்லை, தசையும் இல்லை. ஆனாலும் தொட்டால் தெரிகிறது. தாவரங்களின் இந்த மின்துலங்கலை ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் லண்டனில் அறிஞர்கள் முன்னால் கருவி வைத்துக் காட்டினார்.

தொல்காப்பியர் தொட்டாற்சுருங்கியைப் பார்த்திருக்க முடியாது. அது அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த செடி. ஆனாலும் புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு உண்டு என்று அவர் எழுதி வைத்தார். தம் இலக்கண நூலின் கடைசி இயலான மரபியலில் உயிர்களை அறிவால் எண்ணிப் பார்க்கிறார். உடம்பால் மட்டும் அறிவது ஓரறிவு. நாக்கு சேர்ந்தால் இரண்டு, நத்தையும் சிப்பியும். மூக்கு சேர்ந்தால் மூன்று, கறையானும் எறும்பும். கண் சேர்ந்தால் நான்கு; நண்டும் தும்பியும். செவியும் சேர்ந்த விலங்குகளுக்கு ஐந்து. மனமும் சேர்ந்த மனிதருக்கு ஆறு.

இன்றைய உயிரியல் இந்தப் பட்டியலில் திருத்தம் சொல்லும். நத்தைக்கு மோப்பமும் உண்டு. செடிக்கு வெளிச்சம் தெரியும். ஆனால் எறும்பை மூக்கோடு சேர்த்துப் பார்த்த கண் அபாரமானது. சாரை சாரையாகப் போகும் எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதல் எறும்பு நின்றுவிடும். உணர்கொம்புகளை ஆட்டித் தேடும். பின்னால் வருபவை குழம்பும். முன்னால் போன எறும்புகள் தரையில் தடவிச் சென்ற வாசனைதான் அவற்றின் சாலை. அந்தச் சாலையை நாம் அழித்துவிட்டோம்.

சரி, ஆறாவதான மனம் எதை அறிகிறது? இதற்கான ஒரு தடயம் மொரிஷியஸ் தமிழர்களிடம் கிடைத்தது. அங்கே தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர்களை டிமிட்ரிஸ் ஜிகலடாஸ் என்ற மானுடவியலாளரின் குழு ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டது. பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். அதில் விரும்பியதைக் கோயிலுக்கு யார் கண்ணிலும் படாமல் கொடுக்கலாம். கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்கள் சராசரியாக 80 ரூபாய் சொச்சம் கொடுத்தார்கள். அலகு குத்திக்கொண்டவர்கள் 130க்கு மேல் கொடுத்தார்கள். அலகு குத்தாமல் அவர்களோடு கூடவே நடந்து வந்தவர்கள் கொடுத்ததோ சுமார் 160! அவர்கள் உடம்பில் ஒரு ஊசிகூட ஏறவில்லை. ஆனாலும் அடுத்தவர் வலி அவர்கள் கையைத் திறந்திருக்கிறது.

ஆன்மாவை உயிர் என்றே பேசுகிற சைவ சித்தாந்தம், உயிருக்கு ஓர் இயல்பு சொல்லும்: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கிறது. ஆன்மிக வளர்ச்சி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மற்ற ஐந்து அறிவும் நமக்கு நேர்வதை நமக்குச் சொல்கின்றன. ஆறாவது, இன்னோர் உயிருக்கு நேர்வதை நமக்கு நேர்ந்ததுபோலச் சொல்கிறது. எத்தனை உயிர்கள்வரை அது எட்டுகிறதோ, அத்தனை தூரம் நாம் வளர்ந்திருக்கிறோம்.

இந்த நினைப்போடு எறும்பு வரிசையருகே குந்தியிருந்தேன். காபிப் பழம் பறிக்கப் போகிற ஓர் அம்மா, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு எதிரே வந்தார். வேகமாக வந்தவர், என் அருகே வந்ததும் ஒரு காலைத் தூக்கி, அகல வைத்துத் தாண்டினார். "எறும்பு போகுதுங்க, பாத்து எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் பனிக்குள் போய்விட்டார்.

தொட்டாற்சுருங்கி அதற்குள் மறுபடி விரிந்திருந்தது. இந்த முறை அதைத் தொடாமல் எழுந்தேன்.