சமையலறைச் சுவருக்குள் எத்தனை ஜாயிண்ட்?

சமையலறையைப் புதுப்பிக்கும்போது கிரானைட்டின் நிறத்துக்குக் கொடுக்கும் யோசனையில் பாதியைக்கூட நாம் மின்சாரத்துக்குக் கொடுப்பதில்லை. ‘இங்கே ஒரு பாயிண்ட், அங்கே ஒரு பாயிண்ட்’ என்று சுவரில் சாக்பீஸ் கோடு விழுவதோடு திட்டம் முடிந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ இந்த அலட்சியம் பல வருடம் வெளியே தெரியாமல் ஓடும். அந்தமானில் அவ்வளவு நாள் ஓடாது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் தீவுகள் அவை. அந்த ஈரமும் கடலின் உப்புக் காற்றும் சேர்ந்து செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏற்றுகின்றன. மேலுறை போட்ட வயரின் நடுப்பகுதிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. உறையைச் சீவி முறுக்கிச் சேர்த்த இடமும், ப்ளக் பாயிண்டின் திருகும்தான் முதலில் கெடும். ஆகவே ஸ்ரீ விஜயபுரத்திலோ ரங்கத்திலோ டிக்லிபூரிலோ சமையலறை வயரிங்குக்குத் திட்டம் போடுகிறவர், பாயிண்டுகளை எண்ணுவதற்கு முன் ஜாயிண்டுகளை எண்ண வேண்டும் என்பேன்.

கணக்கு எளிது. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர், 1500 வாட் கெட்டில் 6.5, 750 வாட் மிக்ஸி 3.3. காலை ஏழு மணிக்கு மூன்றும் ஓடினால் 18.5 ஆம்பியர். பெரும்பாலான வீடுகளில் இவை ஒரே வயரில், ஒரு பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு லூப் அடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் மொத்தக் கரண்டும் முதல் பாயிண்டின் திருகு வழியாகத்தான் போக வேண்டும். களிம்பு ஏறிய திருகு வெறும் 0.1 ஓம் மின்தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் கரண்டின் இருமடியைப் பொறுத்து ஏறும் என்பதால் 6 ஆம்பியரில் அங்கே பிறப்பது 3.6 வாட், 15 ஆம்பியரில் 22.5 வாட். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகி மூடிவைத்ததற்குச் சமம் அது. எனவே இண்டக்‌ஷன், ஓவன், கீசர் போன்ற ஒவ்வொன்றுக்கும் டிபி எனும் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து நடுவில் வெட்டாத தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், 16 ஆம்பியர் பாயிண்டில் போய் முடிய வேண்டும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஒரு லூப் போதும்.

‘எல்லாவற்றையும் யார் ஒரே நேரத்தில் போடுகிறார்கள்? போட்டாலும் எம்சிபி விழுந்துவிடுமே’ என்பார்கள். முதல் பாதிக்குக் காலை நேரச் சமையலறையே பதில். இரண்டாவது பாதிதான் ஆபத்தான நம்பிக்கை. 16 ஆம்பியர் எம்சிபி 16 தாண்டியதும் பட்டென்று விழும் கருவியே இல்லை. அதன் தர விதிப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கு, சுமார் 23 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். நம் 18.5 இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. தவிர, தளர்ந்த ஜாயிண்ட் கருகும்போது லைனில் ஓடுவது வழக்கமான கரண்டுதான். எம்சிபிக்கு அது கோளாறாகவே தெரியாது. அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியர் எம்சிபி மாற்றித் தருகிற எலக்ட்ரீஷியனிடம் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவது நல்லது.

ஷாக் அடித்தாலும் எம்சிபி உதவாது. சுமார் 30 மில்லி ஆம்பியரே மூச்சுத் தசைகளை இறுக்கக்கூடியது. 16 ஆம்பியர் அதைப்போல 500 மடங்குக்கும் மேல். ஈரத் தரையில் நிற்பவரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும். ‘மழைக்காலத்தில் சும்மா சும்மா விழுகிறது’ என்ற குறை தீவில் நியாயமானதுதான். ஈரத்தில் ஒவ்வொரு கருவியும் துளித்துளியாகக் கசியவிடும். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால் எல்லாக் கசிவும் அதில் சேரும். சமையலறைக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்குத் தனி என்று பிரித்தால் தொல்லை குறையும், வெளியூர் போன நேரத்தில் மீனும் கெடாது. ஒரு லைனின் நியூட்ரலை இன்னொன்றோடு கலந்திருந்தாலும் ஆர்சிசிபி விழும். அதைக் கழற்றுவதற்கு முன் இந்தக் கலப்பைத் தேடிப் பார்க்கலாம். எர்த் கம்பியும் உப்பு மண்ணில் ஒரு விசித்திரம். உப்பு மின்தடையைக் குறைத்து உதவும், அதே உப்பு எர்த்துக்காகப் புதைத்த இரும்புக் குழாயை அரித்துத் தின்னும். ஒருமுறை புதைத்தால் ஆயுளுக்கும் போதும் என்ற கணக்கு அங்கே செல்லாது.

செலவு கூடுமே என்றால், கூடும்தான். ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை உடைப்பதோடு ஒப்பிட்டால் கூடுதல் வயரின் விலை சிறியது. அதோடு, அந்தமானுக்கு நாட்டின் மின் தொகுப்போடு தொடர்பு இல்லை. டிக்லிபூர் அருகே கல்போங்கில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும், நம் நெய்வேலி என்எல்சி தெற்கு அந்தமானில் பேட்டரியோடு அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் இருந்தாலும், பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களே. சிறிய தொகுப்பில் வோல்டேஜ் எளிதில் தாழும். தாழ்ந்தால் ஃபிரிட்ஜ் மோட்டார் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும். அதற்கு ஸ்டெபிலைசர் வைக்க இடம் விட்டே அலமாரியை வரைய வேண்டும். புதிய கருவிகளின் வாட்டைக் கூட்டி, அனுமதித்த லோடு போதுமா என்று மின்துறையில் கேட்டுக்கொள்வதும் சுவரை வெட்டுவதற்கு முன் முடிய வேண்டிய வேலை.