கூடு வரை கேட்கும் கைதட்டல்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டிச்சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. சீதையை மீட்கப் போராடி வீழ்ந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. இங்கே சேவித்துவிட்டு, அப்படியே உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் பறவை ஏரிக்கும் போய்வரலாம் என்று தை மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூரார் பறவைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உரிமையை வேடந்தாங்கல் 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டு வாங்கிவிட்டது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1790களின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கொடுத்துக் கவுல் என்ற உரிமைப்பத்திரம் எழுதித் தந்தார். ஊராரின் அந்த அக்கறையில் பக்தியைவிட விவசாயம் அதிகம் என்று நினைக்கிறேன். பறவை எச்சத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த ஏரித்தண்ணீர், பாய்கிற வயலுக்கெல்லாம் உரம். இந்தச் சிறிய ஏரி 1936இல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இன்று யாரும் துப்பாக்கி கொண்டுவருவதில்லை. ஆனால் பறவைகள் கூட்டமாக எழும்பினால் படம் நன்றாக வரும் என்று கரையில் நின்று கைதட்டுகிறவர்கள் உண்டு. கல் எறிகிறவர்களும் உண்டு.

அப்போது கூட்டில் நடப்பதைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை நீர்க்கடம்ப மரத்தில் சுள்ளிகளை அடுக்கித்தான் கூடு கட்டுகிறது. கூரை கிடையாது. தாயோ தந்தையோ எழுந்து போனால் முட்டை நேராக வெயிலில் கிடக்கும். இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ளத் தெரியாது. பெற்றோர் சிறகை விரித்துத் தரும் நிழல்தான் அதற்கு எல்லாம். காகத்துக்கும் பருந்துக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். பதறி எழும் பறவையின் கால் பட்டு முட்டை உருண்டு விழுவதும் நடக்கும்.

“அதுங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு, பாருங்க, அசையவே இல்லை” என்று சொல்வார்கள். இந்தச் சமாதானத்தைத்தான் அறிவியல் அசைத்துப் பார்த்திருக்கிறது. அடைகாக்கும் ஹம்போல்ட் பென்குவின்களின் இதயத்துடிப்பை அளந்தபோது, 150 மீட்டர் தள்ளி ஒரு ஆள் நடந்துபோனாலே துடிப்பு ஏறியது. ஈக்வடார் காட்டில் ஹோட்சின் என்ற பறவையைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியானது. சுற்றுலாப் படகுகள் வரும் பகுதியில் வளர்ந்த பறவைகள் மனிதரைக் கண்டு சீக்கிரம் பறப்பதை விட்டுவிட்டன. பழகிவிட்டன என்றே சொல்லலாம். குஞ்சுகள் பழகவில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்துக் குஞ்சுகளைவிட அவற்றின் எடை குறைவு, பதற்றத்தில் சுரக்கும் அழுத்த ஹார்மோன் அதிகம், பிழைத்தவை குறைவு. பெரிய பறவை அமைதியாக உட்கார்ந்திருப்பதை வைத்துக் குஞ்சின் நிலையை ஊகிக்க முடியாது.

புலிக்கும் இதே கதைதான். கன்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் புலிகளின் எச்சத்தைச் சோதித்த ஹைதராபாத் ஆய்வாளர்கள், சஃபாரி வண்டிகள் ஓடும் மாதங்களில் அழுத்த ஹார்மோன் கூடியிருப்பதை 2019இல் வெளியிட்டார்கள்.

வேடந்தாங்கலுக்குக் கூட்டம் பெருகுவது காணும் பொங்கலை ஒட்டி. மரங்களில் முட்டையும் குஞ்சுமாக இருப்பதும் அதே சமயம். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பார்க்காத ஒன்றைக் காக்க யார் முன்வருவார்கள்? முடிந்தால் விடுமுறை கழித்து ஒரு வேலைநாளில் போங்கள். மாலை நாலு மணிக்கு மேல், இரை தேடப்போன பறவைகள் தாமாகவே கூட்டங்கூட்டமாகத் திரும்பும். பறக்கும் படம் வேண்டுமென்றால் அப்போது காத்திருந்தால் போதும். மங்கிய நிறச் சட்டை, இருந்தால் ஒரு பைனாகுலர். வேனில் ஒலிக்கும் பாட்டை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். செல்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று பறவைகள் அடையை விட்டு எழுந்துவிடலாம்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் கரையில் நாம் நிற்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம்.