அது செத்த மரம் இல்லை: குளிரில் ஊசி உதிர்க்கும் மரங்களை அடையாளம் காண்பது எப்படி?

எங்கட சனம் ஊசியிலை மரங்கள் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கிறிஸ்மஸ் மரம். பைன், ஸ்புறூஸ், சீடர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பெயரில் பெரிய குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கிறிஸ்மஸ் மரம் என்றால் பனிக்குள்ளும் பச்சையாக நிற்க வேண்டும், பச்சை போனால் மரம் போய்விட்டது என்பதே அது. பெரும்பாலான ஊசியிலை மரங்களுக்கு இது சரி. ஒரு சில இனங்களுக்கோ முழுப் பிழை. அவை மேப்பிள் மரத்தைப் போல ஒவ்வொரு வருடமும் நிறம் மாறி, ஊசிகளைக் கொட்டி, வெறும் கொப்பாகக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் மீண்டும் தளிர்ப்பவை.

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் இந்த மரங்களை வீட்டு வளவுகளில் அழகுக்காக நட்டிருக்கிறார்கள். நட்டவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார். குளிர்காலத்தில் வீடு வாங்கும் புதியவருக்கு முன்வளவில் நிற்பது காய்ந்த குச்சிக் கூட்டமாகத்தான் தெரியும். என்னிடம் வருமானவரி செய்ய வரும் குடும்பமொன்று தை மாதத்தில் வீடெடுத்து, மாசியில் மரத்தை வெட்டுவித்தது. கதவைத் தட்டி வந்த ஒருவர், “இது செத்த மரம், காற்றடித்தால் கூரைக்கு மேலே விழும்” என்று சொல்லியிருக்கிறார். வெட்டுகூலிப் பற்றுச்சீட்டை வரியில் கழிக்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்கள். (குடியிருக்கும் வீட்டுக்கு அது முடியாது.) வெட்டுவதற்கு முன் எடுத்த படம் அவர்களுடைய கைத்தொலைபேசியில் இருந்தது. கொப்பு நெடுகச் சிறு முண்டுகள், அவற்றுக்கிடையே சின்னச் சின்னக் கூம்புக் காய்கள். நல்ல உயிரோடு நின்ற லார்ச் மரம் அது.

லார்ச்சை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இங்கே வளவுகளில் அதிகம் காணக்கூடியது அதுதான். கோடையில் அதன் ஊசிகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்புறூஸ் ஊசி குத்தும், இது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். ஊசிகள் தனித்தனியாக இல்லாமல், பழைய கொப்புகளில் உள்ள முண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொத்தாக, சாமரம் விரித்ததுபோல வரும். ஒரு கொத்தில் பத்து, இருபது, சிலவேளை நாற்பது ஊசிகள்கூட இருக்கும். பைன் மரத்திலும் ஊசிகள் கட்டாகத்தான் வரும், ஆனால் ஒரு கட்டில் இரண்டு, மூன்று அல்லது ஐந்துதான். ஒக்ரோபர் கடைசியில் லார்ச் முழுவதும் பொன் மஞ்சளாக மாறும். மற்ற மரங்களின் நிறமெல்லாம் கொட்டி முடியும் நேரத்தில் இது மட்டும் நின்று எரியும். பிறகு சில நாட்களில் புல்தரையில் மஞ்சள் கம்பளம். குளிர்காலத்தில் அந்த முண்டுகளும், வருடக்கணக்காக விழாமல் கொப்பில் நிமிர்ந்து நிற்கும் காய்களும்தான் அடையாளம்.

லார்ச்சிலும் மூன்று வகை அகப்படும். கனடாவின் சொந்த மரம் ரமறாக். வடக்கே சதுப்பு நிலங்களில் தானாக வளர்வது, வடமேற்குப் பிராந்தியத்தின் உத்தியோகபூர்வ மரமும் அதுவே. அதன் காய் மிகச் சிறியது, இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டாது. வளவுகளில் கூடுதலாக நிற்பது ஐரோப்பிய லார்ச். காய் அதைவிடப் பெரியது, இளங்கொப்பு வைக்கோல் நிறம். யப்பானிய லார்ச்சின் இளங்கொப்பு செம்மண் நிறம், காயின் செதில்கள் ரோசாப்பூ இதழ் போல வெளிப்பக்கம் வளைந்திருக்கும். காய் ஒன்று கையில் கிடைத்தால் போதும், மூன்றையும் பிரித்துவிடலாம்.

குடை மாதிரிக் கொப்புகள் தொங்கும் குட்டை லார்ச் ஒன்றும் நாற்றுப் பண்ணைகளில் விற்கிறார்கள். நேரான தண்டில் ஒட்டுக் கட்டிய வகை அது. எனக்குத் தெரிந்தவரை, செத்ததென்று பிடுங்கி எறியப்படுவதில் முதலிடம் இதற்குத்தான். இலையில்லாதபோது பார்க்க அவ்வளவு பரிதாபமாக இருக்கும்.

அடுத்த மரத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. டோன் றெட்வூட் என்று இங்கே சொல்வார்கள், தாவரவியலில் மெற்றாசெக்கோயா. 1941இல் யப்பானிய ஆய்வாளர் சிகெரு மிக்கி, கல்லில் பதிந்த எச்சங்களை மட்டும் வைத்து இதற்குப் பெயரிட்டார். எப்போதோ அழிந்துபோன மரம் என்றுதான் எண்ணினார்கள். அதே நாற்பதுகளில் மத்திய சீனாவில், ஹூபெய் மாகாணப் பக்கத்துக் கிராமமொன்றில் இது உயிரோடு நிற்பது தெரியவந்தது. 1948இல் ஹூ சியென்சூ, செங் வான்சுன் என்ற இரு சீன அறிஞர்கள் அதை முறைப்படி அறிவித்தார்கள். அதே வருடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆர்னல்ட் மரத்தோட்டம் விதைகளை உலகெங்கும் அனுப்பியது. இன்று வளவுகளில் நிற்பவை அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு வந்தவைதான். ஆனாலும் கனடாவுக்கு இது முற்றிலும் அந்நியம் என்று சொல்ல முடியாது. நூனவுட்டில் உள்ள அக்செல் ஹைபேர்க் தீவில், இப்போது ஒரு மரமும் வளராத இடத்தில், ஏறத்தாழ நாலரைக் கோடி வருடப் பழைமையான மெற்றாசெக்கோயா அடிக்கட்டைகள் கல்லாக மாறாமல் மரமாகவே கிடைத்திருக்கின்றன.

இதன் இலை லார்ச் போலக் கொத்தாக வராது. சிறு குச்சியின் இரு பக்கமும் தட்டையான மெல்லிய ஊசிகள், இறகு மாதிரி. இதே மாதிரி இறகு இலையுள்ள இன்னொரு மரமும் இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புகளைச் சேர்ந்த போல்ட் சைப்ரஸ், லூயிசியானா மாநிலத்தின் மரம். ‘போல்ட்’ என்றால் மொட்டை, இலை கொட்டுவதால் வந்த பெயர். இரண்டையும் தூரத்திலிருந்து பிரிப்பது கடினம். கிட்டப் போனால் எங்கள் சமையலறைக் கண்ணே போதும். புளியமிலையில் சிற்றிலைகள் சோடி சோடியாக நேரெதிரே இருக்கும், அது டோன் றெட்வூட். கறிவேப்பிலையில் அவை மாறி மாறி இருக்கும், அது போல்ட் சைப்ரஸ். இலை கொட்டியபின் இளங்கொப்பில் அரும்புகளின் ஒழுங்கைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். காயும் உதவும்: டோன் றெட்வூட்டின் காய் நீண்ட காம்பில் தொங்கும், போல்ட் சைப்ரஸின் காய் உருண்டைப் பந்து, பழுத்ததும் துண்டு துண்டாக உடைந்துவிடும்.

இரண்டும் இலையுதிர்காலத்தில் செம்பு நிறமாகி, ஊசியை மட்டுமல்லாமல் அது ஒட்டியிருந்த சிறு குச்சியோடு சேர்த்துக் கொட்டும். இதைப் பார்ப்பவர்கள்தான் கூடுதலாகப் பயப்படுவார்கள், ஏனென்றால் அந்தச் செம்பு நிறம் காய்ந்துபோன சீடரின் நிறத்துக்குக் கிட்டவே இருக்கும். போல்ட் சைப்ரஸ் தளிர்ப்பதிலும் சோம்பேறி. பக்கத்து மரங்கள் எல்லாம் பச்சையான பிறகும் அது வெறுமையாக நின்றால் அவசரப்படாதீர்கள்.

கோல்டன் லார்ச் என்ற சீன மரமும் உண்டு, ஆனால் அதை வளவுகளில் காண்பது அரிது. ஊசி அகலம், காய் கொப்பில் தங்காமல் உதிர்ந்துவிடும். கிங்கோவைச் சிலர் இதே கூட்டத்தில் சேர்ப்பார்கள். விசிறி இலையுள்ள அது ஊசியிலை மரமே இல்லை. காரைநகர் கசூரினா கடற்கரையில் நிற்கும் சவுக்கும் அப்படித்தான், பார்வைக்கு மட்டும் ஊசியிலை. உண்மையில் அது பூக்கும் மரம்.

ஏன் உதிர்க்கின்றன? கணக்காளன் பாசையில் சொன்னால் இது மூலதனச் செலவுக்கும் நடப்புச் செலவுக்கும் உள்ள வேறுபாடு. ஸ்புறூஸ் தடித்த மெழுகுப் பூச்சோடு விலையுயர்ந்த ஊசியைச் செய்து, பல வருடங்களுக்கு வைத்துப் பாவிக்கும். லார்ச் மலிவான மெல்லிய ஊசியைச் செய்து, அந்த வருடத்திலேயே கணக்கை முடித்துவிடும். நிலம் உறைந்திருக்கும்போது வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, காற்றோ இலையைக் காய வைக்கும். இலையே இல்லாவிட்டால் அந்த நட்டமில்லை. உதிர்க்குமுன் ஊசியிலுள்ள நைதரசனில் பெரும்பங்கை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆகவே கொட்டுவது பெரும்பாலும் வெற்றுக் கோதுதான். சைபீரியாவின் கடுங்குளிரில் பெருங்காடாக நிற்பதும் லார்ச்தான், பச்சை மாறாத மரங்கள் அல்ல.

உண்மையில் செத்த ஊசியிலை மரத்தின் முகம் வேறு. பட்டுப்போன ஸ்புறூஸில் பழுப்பு ஊசிகள் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய, மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கொப்பும் ஒரே சீராக நிறம் மாறி, ஒரே காலத்தில் சுத்தமாகக் கொட்டினால் அது மரத்தின் வழமை. இன்னும் சந்தேகமென்றால் இளங்கொப்பு ஒன்றின் பட்டையை நகத்தால் சற்றுச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கொப்பு வளையாமல் ‘டக்’ என்று முறிந்து உள்ளே பழுப்பாக இருந்தால், வேறு இரண்டு மூன்று கொப்பையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரொறன்ரோவில் சொந்த வளவு மரமானாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அதன் விட்டம் 30 சென்ரிமீற்றரோ கூடவோ இருந்தால், வெட்ட நகரசபையின் அனுமதி வேண்டும். தையல் நாடாவால் சுற்றளவு பார்த்தால் 94 சென்ரிமீற்றர் அளவில் வரும். மற்ற நகரங்களில் அளவு வேறு, அந்தந்த நகரசபையிடம் கேட்க வேண்டும். வெட்டுபவர் தருவது விலைச்சீட்டுத்தான், அனுமதி அல்ல. அனுமதியில்லாமல் வெட்டினால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். மரம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், வெட்டி வருமானம் பெறாத ஒரு மர நிபுணரிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்குக் காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால், உடனடி ஆபத்து எதுவும் தெரியாத மரத்தை ஆனி நடுப்பகுதி வரை விட்டுப் பாருங்கள். லார்ச் என்றால் அதற்கு எத்தனையோ கிழமைக்கு முன்பே முண்டுகளில் பச்சை வந்துவிடும், சிலவேளை கூடவே இளஞ்சிவப்பில் புதுக் காய்களும்.