கணினி விழிக்குமுன் நடக்கும் சோதனை

ஸ்பிரிங்வெளிப் பக்கம் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நமுனுகுல மலைச் சரிவில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வேறு. தோட்ட ஆபிஸில் செக்ரோல் என்னும் தொழிலாளர் வேலைப் பதிவை ஏற்றும் கணினியும், பதுளை டவுனில் சேமலாப நிதிப் படிவம் பிறின்ட் எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடைக் கணினியும் செய்துகொண்டிருந்த வேலையோடு அப்படியே அணைந்துபோகின்றன. கரண்ட் வந்து மீண்டும் போட்டால், சில வேளை விண்டோஸ் உடனே திறப்பதில்லை. கறுப்புத் திரையில் டிஸ்க் சோதனை ஓடத் தொடங்குகிறது. கடையில் ஆட்கள் காத்து நிற்கும்போது, இதை நிறுத்திவிட முடியாதா என்று கேட்பது நியாயம்தான்.

முடியும். ஆனால் அந்தச் சோதனை ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் அதில் கைவைக்க வேண்டும்.

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது டிஸ்க்கில் பல இடங்களில் எழுத்து நடக்கிறது. உள்ளடக்கம் ஓரிடத்தில், கோப்பின் பெயரும் அளவும் இன்னோரிடத்தில், எந்தப் பகுதி நிரம்பியது என்ற கணக்கு வேறோரிடத்தில். நடுவில் மின்சாரம் நின்றால் இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறை இதற்காகவே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை முதலில் துண்டில் குறித்துக்கொண்டு, பிறகு பெரிய புத்தகத்தில் ஏற்றுவதைப் போன்றது அது. செய்யப்போகும் மாற்றம் முதலில் குறிப்பேட்டில் பதிகிறது. பாதியில் நின்றுபோனதை அடுத்த முறை கணினி திறக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து முடித்துவிடலாம், அல்லது விட்டுவிடலாம். ஆனால் இந்தக் குறிப்பேடு காப்பது டிஸ்க்கின் கட்டமைப்பை மட்டுமே. நீங்கள் தட்டச்சு செய்து சேமிக்காமல் விட்ட சம்பளக் கணக்கை அது மீட்டுத் தராது.

குறிப்பேட்டாலும் தீராத குழப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், விண்டோஸ் அந்த டிஸ்க்கில் ஓர் அடையாளம் இட்டுவைக்கிறது. அடுத்த முறை போட்டதும் அதைக் கண்டு சோதனை தொடங்குகிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சி டிரைவைப் பூட்டிவைத்துத் திருத்த முடியாது. அதனால்தான் எல்லாம் விழிக்குமுன் இந்த வேலை நடக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆராய்வதில் பெரும்பகுதி கணினி ஓடும்போதே முடிந்துவிடுகிறது; திருத்தத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் போதும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குத்தான் காத்திருப்பு நீளம்.

நிறுத்தும் வழி சுருக்கமானது. நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, செக்-என்டிஎஃப்எஸ் என்ற கட்டளையோடு சாய்கோடு, எக்ஸ், டிரைவின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த டிரைவுக்குச் சோதனை வராது. எக்ஸுக்கும் டிரைவின் பெயருக்கும் பதில் டி என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கொடுத்தால் பழைய நிலை திரும்பும். இரண்டு டிரைவுகளை விலக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே கட்டளையில் எழுத வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் முதலில் கொடுத்தது அழிந்துவிடும்.

இங்கேதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இந்தக் கட்டளை அந்த அடையாளத்தை அழிப்பதில்லை. கோளாறு இருந்தால் இருந்தபடியே இருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கோளாறான கணக்கின் மேலேயே புதிய கோப்புகள் எழுதப்பட்டால், நிரம்பிய இடத்தைக் காலி என்று நினைத்து எழுதும் ஆபத்தும் உண்டு. போடும்போதெல்லாம் சோதனை வருகிறதென்றால், ஒரு முறையாவது அதை முழுதாக ஓடி முடியவிட வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால் சந்தேகம் டிஸ்க்கின் மேலேயே விழ வேண்டும்.

முழுதாக ஓடவிடுவது நம் பக்கத்தில் லேசான காரியமில்லை. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும் ஆழமான சோதனையில், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் ஒரு டெராபைட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது அந்த அவகாசம் கிடைப்பதே பாடாக இருந்தது. திருத்தம் நடக்கும்போதே மறுபடி கரண்ட் போவது இன்னும் மோசம். ஆகவே முதல் செலவு ஒரு யுபிஎஸ்ஸுக்கு ஆகட்டும். பத்து நிமிடம் தாங்கினாலே கோப்பைச் சேமித்து முறையாக அணைத்துவிடலாம். சோதனைக்கான காரணங்களில் பெரியது அதோடு போய்விடும்.

லினக்ஸில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கோளாறே இல்லாவிட்டாலும், இத்தனை முறை திறந்தாயிற்று, இத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கு வைத்துச் சோதிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. குறிப்பேடு வைத்த இஎக்ஸ்டி3 என்னும் கோப்பு முறை 2001-இல் லினக்ஸின் மைய நிரலுக்குள் வந்த பிறகு அந்த வழக்கத்தின் தேவை குறைந்தது. புதிதாக அமைக்கும் டிஸ்க்குகளில் அந்தக் கணக்கு இப்போது இயல்பாகவே அணைந்திருக்கும். பழைய கணினியில் அதை நிறுத்துவதில் தப்பில்லை.

விண்டோஸிலும் சோதனையைத் தள்ளிவைப்பதே சரி என்ற வேளை ஒன்று உண்டு. டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது, கோப்புகள் திறக்கத் திணறுகின்றன என்றால் அது சாகக் கிடக்கிறது. ஆழமான சோதனை அதை மணிக்கணக்கில் ஓடவைத்து இருக்கும் உயிரையும் எடுத்துவிடும். அப்போது முதலில் செக்ரோலையும் பிள்ளைகளின் சான்றிதழ் படங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். சோதனை அதற்குப் பிறகு ஓடட்டும்.